திருகோணமலைத் துறையும் எரிபொருளும்: கரி தொடங்கிக் கழிவு வரை

ஈழத்தின் கீழைக் கரையிலே, கோணேசர் கோயில் கொண்ட குன்றின் அருகே, உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக வைத்தெண்ணப்படும் திருகோணமலைத் துறை அமைந்துள்ளது. அதன் வரலாற்றை எழுதப் புகுந்தோர், கோயிலின் தொன்மையையும், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்துக் கோட்டை கட்டியதையும், பின்னர் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அத்துறையைக் கைக்கொள்ளப் பொருததையும் விரித்துரைப்பர். இவையெல்லாம் அறியத்தக்கனவே. எனினும் அரசுகளின் கண் இத்துறையின்மீது மீண்டும் மீண்டும் விழுந்தமைக்குரிய காரணங்களுள் ஒன்று பெரும்பாலும் பேசப்படாது போயிற்று. அஃது எரிபொருள். மரக்கலம் எதனால் ஓடிற்று, அதற்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வந்தது, அவ்வாற்றல் யாருக்குப் பயன்பட்டது என்னும் வினாக்களை எழுப்பினால், இத்துறையின் வரலாறு புதியதொரு முகத்தைக் காட்டும்.

பாய்மரக் காலத்திற் காற்றே கப்பலின் எரிபொருள். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் சோழமண்டலக் கரையிலே கப்பல்களுக்குப் பாதுகாப்பான துறை இல்லை. சென்னைக் கடலில் நங்கூரமிட்டு நின்ற போர்க்கப்பல்கள் புயலுக்கு அஞ்சி ஒதுங்கிடம் தேடின. அவ்வொதுங்கிடத்தை அளிக்கவல்லது திருகோணமலை. ஆதலாற்றான் 1782ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே ஆண்டினுள் மாறி மாறி இத்துறையைக் கைப்பற்றினர். 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனை மீண்டும் பிடித்து நிலைகொண்டனர். காற்றின் போக்கே இத்துறையின் விலையை நிருணயித்தது என்று கூறின் அது மிகையாகாது.

நீராவிக் கப்பல் தோன்றியபின் நிலைமை மாறிற்று. காற்றை நோக்கிக் காத்திருந்த மாலுமி கரியை நோக்கிக் காத்திருக்கலானான். 1869ஆம் ஆண்டிற் சுயெசுக் கால்வாய் திறக்கப்பட்டது. கொழும்பில் 1875 தொடங்கி அலைதடுப்பு அணை கட்டப்பட்டது. வணிகக் கப்பல்கள் கரியேற்றுதற்குக் கொழும்பையே நாடின. இயற்கை வழங்கிய பெருந்துறை வணிகத்திற் பின்தள்ளப்பட, மனிதர் கல்லடுக்கி அமைத்த துறை முன்னேறியமை எண்ணத்தக்கது. திருகோணமலைக்கு எஞ்சியது கடற்படையே. பேரரசின் போர்க்கப்பல்களுக்கு வேண்டிய கரி இங்கே கொண்டுவந்து குவிக்கப்பட்டது. இறக்குவோரும் சுமப்போருமாக உள்ளூர் மக்கள் அதனோடு தொடர்புற்றனர்.

முதலாம் உலகப் போரையொட்டிப் பிரித்தானியக் கடற்படை கரியை விடுத்து எண்ணெயைக் கைக்கொண்டது. அதன் விளைவாக, 1920களிலும் 1930களிலும் சீனன்குடாவை அடுத்த காட்டிலே எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்க அவ்வுருக்குத் தாங்கிகள் நூற்றுக்குச் சற்று மேற்பட்டவை. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, அத்தாங்கிகளுள் ஒன்று விமானம் வீழ்ந்து தீப்பற்றி எரிந்தது. 1957ஆம் ஆண்டு ஒற்றோபரிற் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். தாங்கிகளோ நின்றன. எஞ்சிய 99 தாங்கிகள் பற்றிய பேச்சு, கப்பல்கள் போன பின்னும் ஓயவில்லை. 2003ஆம் ஆண்டில் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளை அவற்றைப் பயன்படுத்தும் உரிமை பெற்றது. 2022ஆம் ஆண்டு சனவரியிற் செய்யப்பட்ட புதிய உடன்படிக்கையின்படி 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 தாங்கிகள் அந்நிறுவனத்துக்கும், 61 தாங்கிகள் இரண்டும் சேர்ந்த கூட்டு முயற்சிக்கும் எனப் பகுக்கப்பட்டன.

எரிபொருள் வரலாற்றின் அடுத்த அதிகாரம் மின்சாரம். 1918ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் டி. யே. விமலசுரேந்திரா மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின் பெறலாம் என எடுத்துக்காட்டினார். அவர் கண்ட கனவு 1950ஆம் ஆண்டில் இலக்சபான நீர்மின் திட்டத்தால் நனவாயிற்று. கீழ்கரைக்கு மின் நெடுந்தொலைவிலிருந்து கம்பிவழி வந்தது. பின்னர், மின்னை ஈங்கேயே ஆக்குதற்கு ஒரு திட்டம் எழுந்தது. கொட்டியாரக் குடாவின் தென்புறத்துச் சம்பூரிலே 500 மெகாவாற்று வலுவுடைய நிலக்கரி மின்னிலையம் ஒன்றினை அமைக்க இலங்கை மின்சார சபையும் இந்திய தேசிய அனல்மின் கழகமும் உடன்பட்டன. 2006ஆம் ஆண்டுப் போரினால் இடம்பெயர்ந்திருந்த சம்பூர் மக்கள் தம் நிலத்திற்கு மீள்வதற்கு ஏங்கியிருந்த காலம் அது. 2015ஆம் ஆண்டு தொடங்கி நிலத்தின் ஒரு பகுதி மக்களிடம் மீண்டது. 2016ஆம் ஆண்டில் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்பிரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற்று ஞாயிற்றொளி மின்னிலையத்துக்கான பணி தொடங்கி வைக்கப்பட்டது.

காற்று, கரி, எண்ணெய், மீண்டும் கரி, ஞாயிற்றொளி என இவ்வரிசையை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். காற்று நீங்கலாகக் கரியும் எண்ணெயும் வெளியிலிருந்து கப்பலில் வந்தன; பெரும்பாலும் வெளியாரின் கப்பலுக்கே பயன்பட்டன; அவற்றுக்கு வேண்டிய இடத்தை மட்டும் இம்மாவட்டம் கொடுத்தது. எரிபொருளைக் காத்து வைக்கும் களஞ்சியமாக இருந்த ஊர், தனக்கென எரிபொருள் ஆக்கும் ஊராக இருந்ததில்லை. ஆதலின், ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் எறியப்படும் கழிவிலிருந்தே ஆற்றல் பெறலாம் என்னும் செய்தி இவ்வூரவர் காதில் விழும்போது, அதனை வெறும் விந்தைச் செய்தியாகக் கொண்டு விடுதல் தகாது. அஃது எத்துணை உண்மை, எத்துணை ஆசை என்பதை வரலாற்றின் துணைகொண்டு அளந்தறிதல் வேண்டும்.

கழிவு என்பது இன்று இலங்கை முழுவதற்கும் பொதுவான துன்பம். 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் திருநாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே கழிவைப் பற்றிய சிந்தனை நாட்டில் விரைவுற்றது. 2021ஆம் ஆண்டிற் கெரவலப்பிட்டியிற் குப்பையை எரித்து 10 மெகாவாற்று மின் ஆக்கும் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. ஆயின் இலங்கை வீடுகளின் கழிவிற் பாதிக்கு மேற்பட்டது காய்கறித் தோலும், சோற்றெச்சமும், மீன்கழிவும், தேங்காய்ப்பூச் சக்கையும் போன்ற ஈரப் பொருளே. ஈர விறகு அடுப்புக்கு உதவாதவாறு போல, ஈரக் கழிவும் எரித்தலுக்கு ஏற்றதன்று. அதிலுள்ள நீரை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பங்கு வீணாகும். ஈரத்தைப் பகையாகக் கொள்ளாது துணையாகக் கொள்ளும் வழிகள் இரண்டு உள. ஒன்று, கழிவைப் புளிக்க வைத்து எரிவாயு பெறுதல். மற்றையது, கழிவை உண்ணும் நுண்ணுயிர்களிடமிருந்து நேரே மின் பெறுதல். இவ்விரண்டின் தொடக்கத்திலும் ஒரே அறிஞர் நிற்கின்றார் என்பது வியப்புக்குரியது. அவர் இத்தாலி நாட்டு அலெசாந்திரோ வோல்ற்றா.

1776ஆம் ஆண்டில் வோல்ற்றா, மச்சோரே ஏரியின் ஓரச் சேற்றைக் கோலாற் கிளறி, மேலெழுந்த குமிழிகளைக் கவிழ்த்த குப்பியிற் சேர்த்தார். அவ்வாயு தீப்பற்றி எரிந்தது. இன்று மெதேன் என வழங்குவது அதுவே. அழுகிய பொருளுள் ஆற்றல் உறைகின்றது என்பதற்கு அது கண்கூடான சான்றாயிற்று. 24 ஆண்டுகள் கழித்து, 1800ஆம் ஆண்டில், அதே வோல்ற்றா வெள்ளித் தகட்டையும் நாகத் தகட்டையும் உப்புநீரில் நனைத்த துணி இடைவைத்து அடுக்கி, தொடர்ந்து மின் பாயும் முதல் மின்கலவடுக்கை உலகுக்கு அறிவித்தார். தவளையின் காலைத் துடிக்கச் செய்தது விலங்கின் மின்னே என்று 1791ஆம் ஆண்டிற் கல்வானி எழுதிய நூலோடு எழுந்த வாதத்தின் விளைவு இது. சேற்றின் வாயுவையும் மின்கலத்தையும் கண்ட கைகள் ஒன்றேயாயினும், அவை இரண்டும் ஒரு பாத்திரத்தில் இணைவதற்கு நூறாண்டுக்கு மேல் சென்றது.

முதலில் வாயுவின் வழியை நோக்குவோர்க்கு அது விரைந்து வளர்ந்தமை தெரியவரும். 1890களில் இங்கிலாந்தின் எட்செற்றர் நகரில் மலக்கழிவுத் தொட்டியிலிருந்து பெற்ற வாயுவால் விளக்கேற்றினர். பம்பாயின் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்திலும் அந்நூற்றாண்டின் இறுதியில் அவ்வாறே கழிவிலிருந்து எரிவாயு பெறப்பட்டது. 1939ஆம் ஆண்டிற் புதுதில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் என்பார் சாணத்திலிருந்து வாயு பெறும் முறையை ஆராய்ந்தார். 1950களில் யசுபாய் பட்டேல் என்பார், மிதக்கும் இரும்பு மூடியுடைய கலனை வகுத்தார். கதர் கிராமத்தொழில் ஆணைக்குழு அதனை இந்தியச் சிற்றூர்களிற் பரப்பிற்று. இலங்கையில், 1974ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசிய எந்திரவியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோலைக் கொண்டே எரிவாயு பெறும் உலர்முறைக் கலன் ஒன்றினை உருவாக்கிற்று. நெல் விளையும் நாட்டுக்கு அது பொருத்தமான ஆக்கம்.

மின்னின் வழியோ மெல்ல நடந்தது. 1839ஆம் ஆண்டளவில் வேல்சு நாட்டு வில்லியம் குறோவ், ஐதரசனையும் ஒட்சிசனையும் பிளாற்றினத் தகடுகளின்மேற் கூடச்செய்து மின் பெற்றார். எரிக்காமலே எரிபொருளிலிருந்து மின் பெறும் இக்கருவி பின்னர் எரிபொருட் கலம் எனப் பெயர் பெற்றது. 1911ஆம் ஆண்டில், நியூகாசில் நகர்க் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியராக இருந்த எம். சி. பொட்டர், மதுவத்தையும் பற்றீரியாவையும் வெல்லக் கரைசலில் வளர்த்து, அதனுட் பிளாற்றின மின்வாயை வைத்து, 0.3 முதல் 0.5 வோல்ற்று வரை மின்னழுத்தம் தோன்றக் கண்டார். உயிரினம் சேதனப் பொருளைச் சிதைக்கும்போது மின் வெளிப்படுகின்றது என்பது அவர்தம் முடிபு. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுவதற்கு முன்னரே இவ்வுண்மை அச்சேறிவிட்டது. எனினும் அன்று அதனைப் பொருட்படுத்தினோர் சிலரே. 1931ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு பார்னெற் கோகென், இத்தகைய கலங்கள் பலவற்றைத் தொடராக இணைத்து 35 வோல்ற்று வரை பெற்றார். ஆயின் ஓடிய மின்னோட்டம் 2 மில்லியம்பியர் மட்டுமே. மின்னழுத்தம் உண்டு, மின்னோட்டம் இல்லை என்னும் அக்குறையே இக்கலத்தின் நெடுங்கால நோயாயிற்று.

அந்நோயின் காரணம் யாது? நுண்ணுயிர் உண்ணும்போது உணவின் மூலக்கூறு உடைந்து இலத்திரன்கள் விடுபடுகின்றன. ஒரு குளுக்கோசு மூலக்கூறு முற்றாக ஒட்சியேறுமாயின் 24 இலத்திரன்கள் வெளிப்படும். காற்று உள்ள இடத்தில் அவ்விலத்திரன்களை ஒட்சிசன் ஏற்றுக்கொள்ளும்; அதுவே சுவாசம். காற்றில்லாத இடத்திற் கடத்தி ஒன்றை வைத்து, அதனைக் கம்பியால் காற்றுப்படும் வேறொரு கடத்தியோடு இணைத்தால், இலத்திரன்கள் கம்பி வழியே ஓடி அப்பாலுள்ள ஒட்சிசனை அடையும். புரோத்தன்கள் நீரின் வழியே சென்று அதனோடு கூடி நீராகும். கம்பியிற் செல்லும் அவ்வோட்டமே மின்சாரம். ஆயின் பெரும்பாலான நுண்ணுயிர்களின் இலத்திரன்கள் உயிரணுச் சுவருக்கு உள்ளேயே நின்றுவிடுகின்றன. 1980களில் இலண்டனில் எச். பி. பெனற்றோவும் அவர்தம் துணைவரும் சாயப் பொருள்களைத் தூதுவராக இட்டு இலத்திரன்களை வெளிக்கொணர்ந்தனர். அத்தூதுப் பொருளின் விலையும் சில வேளைகளில் அதன் நஞ்சுத்தன்மையும் தடையாயின.

தூதுவர் வேண்டாத நுண்ணுயிர்கள் இயற்கையிலேயே இருந்தன. அவை இருந்த இடம் சேறு. 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொற்றோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து டெரெக் லவ்லியும் துணைவரும் கண்டெடுத்த பற்றீரியா, தன் உயிரணுவுக்கு வெளியேயுள்ள இரும்பு ஒட்சைட்டுக்கு இலத்திரனை அளித்து வாழ்வது. அவ்வினத்துக்குப் பின்னர் சியோபற்றர் எனப் பெயரிட்டனர். 1988ஆம் ஆண்டில் நியூயோர்க்கு மாநிலத்து ஒனைடா ஏரிச் சேற்றிலிருந்து சிவனெல்லா என்னும் வேறோரினம் அவ்வாறே விளக்கம் பெற்றது. இரும்புக்கு இலத்திரன் அளிப்பது காபன் தண்டுக்கும் அளிக்கும் அன்றோ? 1999ஆம் ஆண்டிற் கொரிய அறிஞர் கிம் பியுங் கொங்கும் துணைவரும், தூதுப் பொருள் எதுவுமின்றியே சிவனெல்லா மின்வாய்க்கு இலத்திரன் அளிப்பதைக் காட்டினர். பொட்டர் தொடங்கிய ஆராய்ச்சி இதனாற் புத்துயிர் பெற்றது.

துறைமுக மாவட்டத்தவர் தனிக்கவனம் செலுத்தத்தக்க செய்தி இதன்பின் வருவது. 2001ஆம் ஆண்டில் கிளேர் ரைமேர்சும் லெனாட் ரெண்டரும் அவர்தம் துணைவரும், கடலடிச் சேற்றுள் ஒரு மின்வாயையும் அதன்மேலுள்ள நீரில் மற்றொன்றையும் வைத்து, சேறே மின்கலமாதலைக் காட்டினர். சேற்றின் ஒரு சதுர மீற்றரிலிருந்து ஏறக்குறைய 10 மில்லிவாற்று கிடைத்தது. அடுத்த ஆண்டில், மின்வாயின்மீது செறிந்து படிந்திருந்தவை சியோபற்றரின் உறவினங்களே என நிறுவப்பட்டது. 2008ஆம் ஆண்டிற் பொற்றோமாக் ஆற்றில் மிதந்த வானிலை மிதவை ஒன்று, வெப்பநிலையும் காற்றமுக்கமும் அளந்து வானொலி வழி அனுப்பும் தன் பணிக்கு வேண்டிய ஏறக்குறைய 18 மில்லிவாற்றையும் ஆற்றடிச் சேற்றிலிருந்தே பெற்றது. நுண்ணுயிர்க் கலமொன்று உண்மையான கருவியொன்றை இயக்கிய முதல் நிகழ்ச்சியாக அதனைக் கூறுவர். தம்பலகாமக் குடாவின் ஆழமற்ற நீரும், கண்டல் மரங்களின் அடியிலுள்ள கரிய சேறும், மகாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் வண்டலும் ஒட்சிசன் அற்ற சேற்றையும் ஒட்சிசன் நிறைந்த நீரையும் அடுத்தடுத்து வைத்திருப்பன. நீர் நிறைந்த நெல்வயலும் அத்தகையதே. 2008ஆம் ஆண்டில் நெற்பயிரின் வேரடியிலிருந்து மின் பெறும் ஆராய்ச்சிகள் பெல்சியத்திலும் யப்பானிலும் வெளியாயின. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களின் உழவர் மிதிக்கும் சேற்றிலும் அதே இயற்கை விதி செயற்படும் என்பதில் ஐயமில்லை.

இனி வீட்டுக் கழிவுக்கு வருதல் தகும். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூசு லோகனும் துணைவரும், வீட்டுக் கழிவுநீரைக் கொண்டே கலத்தை இயக்கி, மின்வாயின் ஒரு சதுர மீற்றருக்கு 26 மில்லிவாற்று வரை பெற்றனர். நீரிலிருந்த சேதன மாசின் 80 சதவீதம் வரை நீங்கிற்று. ஐதராபாத்தில் உள்ள இந்திய வேதியியல் தொழினுட்ப நிலையத்தில் எஸ். வெங்கட மோகனும் துணைவரும் 2010ஆம் ஆண்டை ஒட்டிக் காய்கறிக் கழிவையும், உணவுச்சாலை எச்சத்தையும் கலத்திற்கு உணவாக்கி ஆராய்ந்தனர். இங்கிலாந்தின் பிரித்தல் நகரத்து இயோனிசு இயரொப்பொலொசும் துணைவரும் சிறுநீரைக் கொண்டே விளக்கேற்றுங் கலங்களை அமைத்தனர். 2017ஆம் ஆண்டளவில் உகண்டா நாட்டின் கிசோரோவில் உள்ள பெண்கள் பாடசாலை ஒன்றின் மலசலகூடத்திற்கு அவ்வாறு ஒளி வழங்கப்பட்டது. இரவில் அச்சமின்றிச் செல்வதற்கு மாணவியர்க்கு வேண்டியிருந்தது ஒரு சிறு விளக்கே; அச்சிறு விளக்கிற்கு இக்கலம் போதியதாயிற்று.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், வீட்டுக் கழிவால் வீடு முழுவதற்கும் மின் வழங்கிவிடலாம் என எண்ணக்கூடும். கணக்கு அவ்வெண்ணத்தை அடக்குகின்றது. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 2 கிலோகிராம் ஈரக் கழிவு சேர்வதாகக் கொள்க. அதில் நீர் போக எஞ்சுவது ஏறக்குறைய அரைக் கிலோகிராம். அதனை முற்றாக ஒட்சியேற்றுதற்கு அரைக் கிலோகிராம் ஒட்சிசன் வேண்டுமெனக் கொண்டால், விடுபடும் இலத்திரன்களின் ஏற்றம் ஏறக்குறைய 1,675 அம்பியர்-மணி. அதிற் பாதியை 0.4 வோல்ற்றிற் பெற்றாலும் கிடைப்பது ஓர் அலகு மின்சாரத்தின் மூன்றிலொரு பங்கே. 10 வாற்று விளக்கொன்றை முப்பது மணிக்கு மேல் ஏற்ற அது போதும். ஆனால் அதனை ஒரே நாளிற் பெறுதற்குக் கலம் இடையறாது 14 வாற்று அளிக்க வேண்டும். 2004ஆம் ஆண்டின் அளவான 26 மில்லிவாற்றைக் கொண்டு பார்த்தால், அதற்கு 500 சதுர மீற்றருக்கு மேற்பட்ட மின்வாய் வேண்டும். பின்வந்த ஆய்வுகூடக் கலங்கள் சதுர மீற்றருக்கு ஒரு வாற்றையும் கடந்தன எனினும், கலத்தைப் பெரிதாக்குந்தோறும் அதன் திறன் குறைவதே அனுபவம். உப்புப் படிதல், மின்வாயின் விலை, நீரின் மின்தடை என்பன இன்னும் வெல்லப்படாத பகைகள்.

அதே கழிவை எரிவாயுக் கலனில் இட்டால், நன்கு நொதித்தவிடத்து அரை மணி முதல் ஒரு மணி வரை அடுப்பெரிக்கும் வாயு கிடைக்கும். எஞ்சும் கரைசல் தோட்டத்துக்கு உரமாகும். ஆதலின் இன்றைய நிலையில் வீட்டின் அடுப்புக்கு ஏற்றது வாயுவின் வழி. தொலைவிலுள்ள சிறு கருவிக்கும், சிறு விளக்கிற்கும், கழிவுநீரைத் தூய்மையாக்குதற்கும் ஏற்றது மின்னின் வழி. வோல்ற்றாவின் இரு கண்டுபிடிப்புகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் வேறு. கழிவைப் பிரித்தெடாத ஊரில் இரண்டும் பயனற்றவை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பொலித்தீனும் கண்ணாடியும் கலந்த குப்பையை எந்த நுண்ணுயிரும் உண்ணாது. ஆகவே இவ்விஞ்ஞானத்தின் முதற்படி ஆய்வுகூடத்தில் அன்று. சமையலறையின் வாயிலில், இரண்டு வாளிகளில் தொடங்குகின்றது.

கிடைக்கும் ஆற்றல் இத்துணைச் சிறிதாயின், அதனைப் பற்றி ஒரு துறைமுக மாவட்டம் கருதுவதனால் ஆவதென்ன எனச் சிலர் வினவலாம். விடை, மேற்கூறிய வரலாற்றிலேயே உள்ளது. கரிக்கும் எண்ணெய்க்கும் இடங்கொடுத்த இம்மாவட்டத்து மக்களை எவரும் எரிபொருளைப் பற்றிக் கருத்துக் கேட்டதில்லை. கரி எங்கே குவிக்கப்படும், தாங்கி எந்தக் காட்டில் எழும், எந்தச் சிற்றூரின் நிலம் மின்னிலையத்துக்கு வேண்டும் என்பன தொலைவிலுள்ள தலைநகரங்களில் முடிவாயின. எண்ணெய்த் தாங்கிகள் குறித்தும் ஞாயிற்றொளி குறித்தும் இனியும் உடன்படிக்கைகள் எழுதப்படும். அவற்றை வாசித்து, அலகும் வாற்றும் அறிந்து, தம் ஊருக்கு வரும் நன்மை எது, தீமை எது எனக் கணக்கிட்டுக் கேட்கவல்ல குடிமக்கள் வேண்டும். ஒரு வீட்டின் கழிவு எத்தனை வாற்று தரும் எனத் தானே கணக்கிட்டு அறிந்தவன், ஒரு பெருந்திட்டத்தின் கணக்கையும் கண்மூடி ஏலான். சிறு கலத்தின் பெரும்பயன் இதுவே.

அக்கல்வி தமிழிலேயே நிகழக்கூடும் என்பதற்கு இவ்வூரே சான்று. வேதியியல் ஆசிரியராக இருந்து பின்னர்த் துறவு பூண்டவரும், 1920களின் பிற்பாதியில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்று நடத்தியவருமான சுவாமி விபுலாநந்தர், 1936ஆம் ஆண்டிற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானம் தாய்மொழியிற் பயிலப்படாதவரை அது பொதுமக்களின் உடைமையாகாது என்னும் கொள்கையே அம்முயற்சிக்கு அடிப்படை. மின்வாய், இலத்திரன், நொதித்தல் என்னுஞ் சொற்கள் இன்று மாணவர்க்கு எளியனவாயினமை அத்தகையோர் உழைப்பின் பேறு.

ஆகவே மாணவர் செய்து பார்த்தற்குரிய எளிய ஆய்வொன்றைக் குறித்தல் பொருத்தமாகும். அகன்ற வாய்க் குப்பி ஒன்றின் அடியிற் கண்டற் சேற்றை இட்டு, அரைத்த காய்கறிக் கழிவு சிறிது கலந்து, பழைய மின்சூள் கலத்திலிருந்து எடுத்த காபன் தண்டு ஒன்றை அதனுட் புதைத்தல் வேண்டும். மேலே கடல்நீரை வார்த்து, மற்றொரு காபன் தண்டை நீரின் மேற்பரப்பை ஒட்டி நிறுத்தி, இரண்டையும் தடையொன்றின் வழியே கம்பியால் இணைத்தல் வேண்டும். சில நாள்களில் வோல்ற்றுமானியின் முள் அசையத் தொடங்கும். அளவு ஒரு வோல்ற்றினும் குறைவே. நாள்தோறும் அதனைக் குறித்து வைத்தும், கழிவு இட்ட குப்பியையும் இடாத குப்பியையும் ஒப்பிட்டும், காபன் தண்டின் பரப்பை மாற்றியும் வருவோர், பொட்டரும் கோகெனும் எதிர்கொண்ட அதே வினாக்களைத் தாமும் எதிர்கொள்வர். பேரரசுகளின் கப்பல்களுக்கு எரிபொருள் காத்த கரையிலே, அவ்வூர் மாணவர் தம் வீட்டின் கழிவையும் தம் கடலின் சேற்றையும் தாமே அளந்தறிதல், அத்துறையின் வரலாற்றில் இதுவரை எழுதப்படாத அதிகாரத்திற்குத் தக்க தொடக்கமாகும்.